அந்தப் பக்கம் கேக்குதா?

எங்கள் அலுவலகத்துக்குப் புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்கள் எடுத்தவுடன் சொல்வது ஒன்றுதான்: "என் மேல தப்பே இல்ல." இணையம் வழியாகப் பேசுவதற்கு நாங்கள் ஒரு செயலி நடத்துகிறோம். குரல் கரகரக்கிறது, பாதியில் அறுந்துபோகிறது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்று ஊர்ப்பட்ட சண்டைகள் எங்களிடம் வந்து சேரும். அதில் மொபைல் டேட்டாவில் பேசுகிறவர்களின் சண்டைகளெல்லாம் என் தலையில். லிஃப்டுக்குள் போனால் கால் கட்டாகிறது என்று ஒரு ஆசாமி வாராவாரம் புகார் தருகிறார். பேசி முடித்துவிட்டு ஏறலாமே சார் என்றேன். அவரை மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேன் என்று என் மேல் தனியாக ஒரு புகார் வந்தது.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆயிரம் மைல் தள்ளி யாரோ ஒருவருடைய குரல் எந்த இடத்தில் தொலைந்தது என்று தேடிப் பிடிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. சமீபத்தில்தான் எனக்கென்று ஒரு குழுவைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஆகவே கல்யாணப் பேச்சு வந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகும் இந்த வேலையை விடமாட்டேன்.

பையன் சரி என்றான். முப்பது தாண்டியவனைப் போய்ப் பையன் என்கிறாளே என்று நினைக்காதீர்கள். கல்யாணம் ஆகும்வரை எல்லாரும் பையன்தான், ஆனபிறகு மாப்பிள்ளை. வெளிநாட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். "உங்க கம்பெனிக்கு இங்கயும் ஆபீஸ் இருக்கே, மாத்தல் வாங்கிட்டு வந்துடுங்க" என்று அவனாகவே சொன்னான். லிஃப்டு ஆசாமியின் கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதெல்லாம் என் வாயில் அவன் 'அவர்'தான். மேனேஜரிடம் மாத்தலுக்குப் பேசினேன், அவரும் தலையாட்டினார். பையனைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கல்யாண மண்டபத்தில் தேதி விசாரித்தார்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. என் வேலை விஷயத்தைப் பையன் தன் அம்மா முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவன் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம் என்று எனக்கு ஒரு வாசனை அடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு குடும்பமும் வீடியோ காலில் உட்காருவது, அவன் அதைச் சொல்வது, அந்த அம்மா ஆமாம் என்பது, நான் சரி என்பது. இவ்வளவுதான் ஏற்பாடு.

அன்றைக்கென்று பார்த்து வீட்டின் இணைய இணைப்பு செத்துக் கிடந்தது. தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் மண்ணோடு கேபிளையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மொபைல் டேட்டாதான் கதி.

"அடுக்களை ஜன்னல் பக்கம் உக்காருவோம்பா. டவர் அந்தப் பக்கம் இருக்கு, சிக்னல் நல்லா வரும்" என்றேன். காசு கொடுத்தால் இந்த ஆலோசனையை நான் ஊருக்கெல்லாம் சொல்கிறேன். வீட்டில் இலவசம் என்பதால் மதிப்பில்லை.

"அடுக்களையில உக்காந்து சம்பந்தி பேசுறதா? பாத்திரம் கழுவுற எடம் பின்னாடி தெரியணுமா?" என்றார் அப்பா. இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை, அதற்குள் அவர்கள் சம்பந்தி ஆகிவிட்டார்கள்.

ஆக, முன்னறை. புதுத் திரைச்சீலை, உறை மாற்றிய சோபா, சுவரில் அம்மா முந்தின நாள் மாட்டிய ஓவியம், தட்டில் யாரும் தொடக்கூடாத பிஸ்கட். எல்லாம் அமர்க்களமாக இருந்தது. சிக்னலைத் தவிர. டவருக்கும் அந்த அறைக்கும் நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர்.

தொழில்நுட்பப் பொறுப்பு அத்தானுடையது. அக்காவின் கணவர், எங்கள் வீட்டோடு இருக்கிறவர். அக்கா குழந்தையோடு ஊருக்குப் போயிருந்ததால் அவரைத் தட்டிக் கேட்க ஆளில்லை. ஏசி விற்கும் கடையில் மேனேஜர் என்பதால், மின்சாரத்தில் ஓடும் எல்லாப் பொருளும் தன் ஆட்சிக்கு உட்பட்டவை என்று நம்புகிறவர். நான் சோறு தின்பதே இந்த வேலையில்தான் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்கிறார். கடையிலிருந்து இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைத் தூக்கி வந்து மடிக்கணினியோடு இணைத்தார். அப்பாவின் போனிலிருந்து டேட்டாவைக் கணினிக்குக் கொடுத்தார். பிறகு அந்தப் போனைக் கொண்டுபோய் ஷோகேஸுக்குள், கேரம் போட்டியில் அவர் வாங்கிய கோப்பைகளுக்குப் பின்னால், ஒளித்து வைத்தார்.

"ஏன் அத்தான் அங்க வைக்கிறீங்க? பின்னாடி தகடு, சுத்தி கோப்பை. சிக்னல் எப்படிப் போகும்?"

"படத்துல சார்ஜர் வயரோட போன் தொங்கினா பாக்க நல்லாவா இருக்கும்? நீ போய்ப் பவுடர் போடு."

கால் வந்தது. திரையில் பையன், பக்கத்தில் அவன் அம்மா. படம் கண்ணாடி மாதிரி தெளிவு. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"வணக்கம் சம்பந்தி!"

"ஹலோ?" என்றாள் அந்த அம்மா. ஸ்பீக்கர்கள் முழங்கின. "ஹலோ? என்னடா இது, அப்படியே நிக்கிறாங்க? ஆடல அசையல."

"வணக்கம்! நல்லா இருக்கீங்களா!"

"நெட்வொர்க் போச்சும்மா" என்றான் பையன். "அவங்க பேசுறது நமக்குக் கேக்கல. நம்ம பேசுறதும் அவங்களுக்குக் கேக்காது. கொஞ்ச நேரம் பாப்போம்."

உலகமே செய்கிற தப்பு இது. நமக்குக் கேட்கவில்லை என்றால் எதிராளிக்கும் கேட்காது என்று முடிவு கட்டிவிடுவார்கள். குரல் போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. டவருக்குத் தொண்டை பெரிது, அது தூரத்திலிருந்து கத்தினாலும் நம் போனுக்குக் கேட்கும். நம் போனுக்குத் தொண்டை சின்னது, அது திருப்பிக் கத்தினால் டவர் வரை எட்டாது. அதிலும் கோப்பைகளுக்குப் பின்னால் அடைத்து வைத்தால் எங்கே எட்டும்? அவர்கள் பக்கம் எங்கள் குரலும் போகவில்லை, படமும் உறைந்து நின்றது. எங்கள் பக்கம் அவர்கள் சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

"சத்தமா பேசுங்க மாமா" என்றார் அத்தான். தூரத்து நாடு என்றால் தொண்டையைத் திறக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அப்பா திறந்தார். மாடிவீட்டு நாய் பதில் சொன்னது, அவர்கள் சொல்லவில்லை. அத்தான் மடிக்கணினியைத் தட்டினார். ஒரு வயரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினார். கேமராவின் மேல் ஊதினார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாமா?" என்றார்.

"எதையும் தொடாதீங்க அத்தான்" என்றேன். அழைப்பின் விவரத்தைத் திரையின் ஓரத்தில் திறந்தேன். வருவது என்ற கோடு பச்சையில் நிமிர்ந்து நின்றது, போவது என்ற கோடு தரையோடு படுத்திருந்தது. நோய் தெரிந்துவிட்டது. போனை எடுத்து அடுக்களை ஜன்னலில் வைத்தால் தீர்ந்தது. எழுந்து போய் ஷோகேஸின் கண்ணாடிக் கதவில் கை வைத்தேன்.

"இந்தப் பொண்ணு வாய் பாதி திறந்தபடியே நிக்குது பாரு" என்றாள் அந்த அம்மா. கேமராவுக்குக் கிட்டே வந்து எங்களைக் கண்காட்சிபோல் பார்த்தாள். "பின்னாடி தொங்குற துணி நம்ம பழைய மேசை விரிப்பு மாதிரியே இருக்கு. பரவால்ல, பொண்ணு பாக்க லட்சணமா இருக்கா."

அம்மாவின் கை திரைச்சீலைப் பக்கம் போய்த் திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது. கதவைத் திறக்காமல் நின்றேன்.

"ஆனா இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அந்த அம்மா. "வேலை அது இதுன்னு வந்தா எனக்குச் சரிப்படாது."

"அம்மா, அதப் பேசாத. நான் சரின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"எதுக்குடா சொன்ன?"

"சொல்லலன்னா அவ ஒத்துக்கவே மாட்டாம்மா. பிடிவாதம். இப்போ நான் சொல்லும்போது நீ சும்மா தலைய ஆட்டு. இங்க வந்ததும் விசா, பேப்பர்னு கொஞ்சம் இழுத்தா போதும். ஒரு குழந்தை வந்துட்டா அப்புறம் வேலையாவது ஒண்ணாவது, தானா விட்டுடுவா. உனக்கும் முட்டி வலி, வீட்டுல ஒரு ஆள் வேணும்ல."

"அதச் சொல்லு" என்றாள் அந்த அம்மா, திருப்தியாக.

விழுந்து விழுந்து சிரித்த அதே குரல். ஒரு சொல் கரகரக்கவில்லை. 'அவர்' அந்த நிமிடத்தில்தான் 'அவன்' ஆனான்.

திரும்பி என் ஆட்களைப் பார்த்தேன். அப்பா இப்போது எழுந்து கத்துவார், அத்தான் மேசையைக் குத்துவார், அம்மா ஐயோ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் ஸ்பீக்கரின் பின்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா பிஸ்கட்டை வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கேட்டீங்கல்ல?"

"என்னத்த?"

"இப்போ அவங்க பேசினத. என் வேலையப் பத்தி."

"ஹலோ ஹலோன்னாங்க. வேற என்ன பேசினாங்க? லைன் சரியில்லம்மா, ஒண்ணும் விளங்கல."

"ஒரே கரகரப்பு" என்றார் அத்தான்.

என் அப்பா யார் தெரியுமா? குடிநீர் வாரியத்தில் கசிவு பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஒரு கம்பியை ஊன்றி அதில் காதை வைத்தால், மண்ணுக்குள் எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். நாங்கள் தூங்காமல் போர்வைக்குள் குசுகுசுவென்று பேசினால் வாசலில் இருந்தபடியே அதட்டுவார். அந்த மனிதருக்கு, கல்யாண வீட்டுக்குப் போடும் அளவு ஸ்பீக்கரில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லையாம்.

"ரெண்டு ஸ்பீக்கர் அலறுதுப்பா!"

"மெதுவா பேசு" என்றார் அப்பா. அவர்களுக்கு எங்கள் சத்தம் எட்டாது என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அம்மா என் பக்கத்தில் வந்தாள். தணிந்த குரலில், "எல்லா ஆம்பளைங்களும் ஆரம்பத்துல அப்படித்தான்டி பேசுவாங்க. நீ போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லி மாத்திக்கலாம்" என்றாள்.

"அப்போ உனக்குக் கேட்டுச்சு?"

அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கா?" என்றாள் அம்மா. "எனக்கு என்னடி கேக்கும்? நான் பொதுவா சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. பையனுக்காக வரவில்லை. அவன் யாரோ ஒருவன், கொஞ்ச நாளில் மறந்துவிடுவேன். அவன் சொன்னதைக் கேட்டபிறகும் மண்டபத்தின் தேதி கையை விட்டுப் போய்விடக்கூடாது என்று விசிறியைப் பார்த்த என் அப்பாவை நினைத்துத்தான் வந்தது. கல்யாணம் நடந்து நான் விமானம் ஏறியபிறகு, என்றைக்காவது போன் செய்து அழுதால் இவர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிட்டேன். லைன் சரியில்லம்மா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்தேன். அத்தானின் கோப்பை ஒன்று உருண்டது, உருளட்டும் என்று விட்டேன். போனைக் கொண்டுபோய் அடுக்களை ஜன்னலில், கழுவாத பாத்திரங்களுக்கு மேலே சாத்தி வைத்துவிட்டு வந்தேன். போவது என்ற கோடு தரையிலிருந்து எழுந்தது. நான் சோபாவில் உட்காருவதற்குள் அதுவும் பச்சையாகிவிட்டது.

"ஆ, வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றான் பையன். அந்த அம்மாவின் முகத்தில் புன்னகை உடனே ஏறி உட்கார்ந்தது.

"ஒண்ணுமே கேக்கலீங்க சம்பந்தி!" என்றார் அப்பா. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. "இவ்வளவு நேரம் சுத்தமா ஒண்ணுமே கேக்கல! இப்பதான் வருது!"

பையன் மூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. மறுபடி நலம் விசாரித்தார்கள். எங்கள் திரைச்சீலை மிக அழகாக இருப்பதாக அந்த அம்மா சொன்னாள். எங்கே வாங்கியது என்று அம்மா விலாவாரியாகச் சொன்னாள். பிறகு பையன் தொண்டையைச் செருமினான்.

"வேலை விஷயம் கேட்டிருந்தீங்கல்ல? அம்மாகிட்ட பேசிட்டேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்."

"ஆமாம்மா" என்றாள் அந்த அம்மா, சொன்னபடி தலையை ஆட்டி. "தாராளமா வேலைக்குப் போ. பொண்ணுங்க சொந்தக் கால்ல நிக்கணும். நான் அந்தக் காலத்து மாமியார் இல்ல."

அப்பா பெருமிதத்தோடு என்னைப் பார்த்தார். நீ கேட்டது கிடைத்துவிட்டதல்லவா, இன்னும் என்ன என்பது அந்தப் பார்வை. உண்மைதான். நான் கேட்டது அப்படியே, எழுத்துக்கு எழுத்து, கிடைத்துவிட்டது. நான் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஐந்து ஜோடிக் கண்கள் என் வாயில் வந்து நின்றன.

"இப்போ என் குரல் தெளிவா வருதா?" என்று கேட்டேன்.

"சூப்பரா வருது" என்றான் பையன்.

"நடுவுல விட்டுப் போகுதா?"

"இல்லவே இல்லம்மா, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள் அந்த அம்மா.

"நல்லது. என்ன கோளாறுன்னு சொல்லிடறேன், என் வேலை அதானே" என்றேன். அலுவலகத்தில் பேசும் குரல் தானாக வந்துவிட்டது. மரியாதையான, உப்புச்சப்பில்லாத குரல். "உங்க பக்கத்துல ஒரு பழுதும் இல்ல. நாங்க பேசினதுதான் உங்களுக்கு வரல. நீங்க பேசினது எங்களுக்கு முதல்லருந்தே முழுசா வந்துச்சு. விசா, பேப்பர்னு இழுக்கிறது வந்துச்சு. குழந்தை வந்ததும் நான் தானா வேலைய விடுறது வந்துச்சு. ஆன்ட்டி, உங்க முட்டி வலியும் வந்துச்சு. ஒரு வார்த்தைகூட விட்டுப்போகல."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. இங்கேயும், அங்கேயும். எங்கள் படம்தான் மறுபடி உறைந்துவிட்டதோ என்று கோடுகளைப் பார்த்தேன். இரண்டும் பச்சையாக இருந்தன.

முதலில் சுதாரித்துக்கொண்டது அந்த அம்மாதான். "ஹலோ?" என்றாள். "ஹலோ, ஹலோ? என்னடா, மறுபடியும் போயிடுச்சா?"

"ஹலோ!" என்றார் அப்பா, கை கொடுக்க ஆள் வந்த ஆனந்தத்தில். "ஹலோ சம்பந்தி! லைன் போச்சு! உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்கலீங்க!" என்று அந்த அம்மா பதில் சொன்னாள்.

"எங்களுக்கும் கேக்கல!"

"ஒண்ணுமே கேக்கலீங்க!"

"ஆமாங்க, சுத்தமா கேக்கல!"

இப்படிக் கேள்வியும் பதிலுமாக, ஒரு சொல் பிசகாமல், இருவரும் ஒருவருக்கொருவர் கேட்காமல் பேசிக்கொண்டார்கள். அத்தான் எழுந்து ஒரு வயரை ஆட்டிக் கொடுத்தார். அம்மா நெற்றியில் கை வைத்து, "என்ன நெட்வொர்க்கோ, சே" என்றாள். ஐந்து வருஷமாகப் பழுது பார்க்கிறேன், இவ்வளவு நல்ல இணைப்பு என் கையில் அமைந்ததில்லை.

பையன் மட்டும் ஹலோ சொல்லவில்லை. குனிந்திருந்தான். அவனிடம் எனக்கு அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. வெட்கப்படட்டும், கோபப்படட்டும், ஒட்டுக் கேட்டாயா என்று சண்டைக்காவது வரட்டும். கேட்டது என்று ஒப்புக்கொண்ட ஒரு ஆளாவது இந்த இரண்டு வீட்டிலும் இருக்கட்டும் என்று தோன்றியது.

"உங்களுக்கும் கேக்கலையா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டேன்.

அவன் நிமிர்ந்தான். என் கண்ணைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினான்.

"சரி" என்றேன். "எனக்குக் கேட்டுச்சு." சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். திரை இருண்டது. ஸ்பீக்கர்களின் வயரைப் பிடுங்கி அத்தானின் கையில் கொடுத்தேன்.

அப்பா இன்னும் இருண்ட திரையைப் பார்த்து ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெச்சாச்சுப்பா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.